ஸ்டேபிள் என்று டாக்டர் சொன்னார்

அன்புள்ள அத்தைக்கு,

குறுவை அறுத்தாச்சு. வாய்க்காலோர வயலில் சம்பாவுக்கு நாற்று விட்டிருக்கிறோம். நீங்கள் போய் நாலு மாதமாகியும் எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உங்களுக்கு அது மூன்றாம் நாள். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஸ்டேபிளா இருக்காங்க" என்று சொல்லி அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். மருமகள் குடவாசல் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் என்று அந்த வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தீர்களே. நானும் தயங்காமல், "நல்லா இருக்கீங்களாம் அத்தை" என்றேன்.

நல்லா என்று டாக்டர் எங்கே சொன்னார்?

வராண்டாவுக்கு வந்து துபாய்க்குப் போன் போட்டேன். உங்கள் பிள்ளை உடனே கிளம்பட்டுமா என்று கேட்டார். ஸ்டேபிள்தானாம், பதற வேண்டாம், மாசக் கடைசியில் லீவு போட்டு வந்தால் போதும் என்றேன். உள்ளே வந்து அதை உங்களிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்தீர்கள்.

"அவனுக்கு லீவு குடுக்க மாட்டாங்களே" என்றீர்கள்.

அதற்கு என்ன அர்த்தம் அத்தை? வர வேண்டாம் என்றா, வந்தால் தேவலை என்றா? அது தமிழ்தான். அதுவும் எனக்குப் புரியவில்லை. மறுநாள் மத்தியானம் நீங்கள் போய்விட்டீர்கள். அவர் வந்து இறங்கியபோது உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம்.

காரியமெல்லாம் முடிந்தபின் அகராதியை எடுத்துப் பார்த்தேன். நிலையான, உறுதியான, ஆடாத என்று போட்டிருந்தது. வகுப்பில் நானே மேசையைத் தொட்டுக் காட்டி நடத்திய வார்த்தை. கவிழ்ந்து கிடக்கும் மேசையும் ஆடாதுதானே என்று அப்போது தோன்றவில்லை.

போன மாதம் அந்த டாக்டரையே போய்ப் பார்த்தேன். முதல் நாள் எப்படி இருந்தீர்களோ அப்படியே இருந்தீர்கள், மோசமாகவில்லை, தேறவும் இல்லை, அதைத்தான் அந்த வார்த்தை சொல்லும் என்றார். எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்று அன்றைக்கே சொன்னாராம். சொன்னாரா? எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. நல்ல வார்த்தை காதில் விழுந்ததும் மிச்சத்தை நான் கேட்கவே இல்லையோ?

உங்கள் பிள்ளை இதுவரை என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. தினமும் போன் பண்ணுகிறார், சாப்பிட்டாயா என்கிறார், வைத்துவிடுகிறார். போன வெள்ளிக்கிழமை நானே ஆரம்பித்தேன். நல்லா இருக்கிறார்கள் என்று டாக்டர் சொல்லவில்லை, அது நான் சேர்த்துக்கொண்டது, அதனால்தான் உங்கள் அம்மாவை உயிரோடு நீங்கள் பார்க்க முடியாமல் போனது என்றேன்.

அவர் மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கு டிக்கெட் பாத்துட்டுத்தான் இருந்தேன் வாணி. நீ ஸ்டேபிள்னு சொன்னதும் மூடி வச்சிட்டேன். எனக்கும் அர்த்தம் தெரியாது. கேட்டா வேற ஏதாவது சொல்லிடுவியோன்னு பயந்து கேக்கல."

அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். மன்னித்தாரா, நான்தான் மன்னிக்க வேண்டுமா, தெரியவில்லை. அன்றைக்கு ரொம்ப நேரம் உங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

நேற்று பக்கத்து வீட்டு லட்சுமி ஆஸ்பத்திரியில் இருக்கும் அவள் வீட்டுக்காரரின் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து, படித்துச் சொல்லுங்கள் டீச்சர் என்று நீட்டினாள். இங்கிலீஷ் படிக்க வரும், இது தெரியாது என்றேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. நாளைக்கு அவளோடு நானும் போகிறேன் அத்தை. டாக்டர் அடுத்த படுக்கைக்கு நகர்வதற்கு முன்னால், அப்படியென்றால் என்ன என்று கேட்பேன். புரிகிற வரைக்கும் கேட்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மருமகள்,
வாணி