மல்பெரி மரத்தைக் கழித்துவிட்டேன், மதினி

எவ்வளவு ஏசினாலும் மறுநாள் விடிந்ததும் என் வாசலில் வந்து "காப்பி குடிச்சிட்டியாட்டி?" என்று கேட்கும் என் பிரியமான மதினிக்கு,

இன்றைக்கு உங்களுக்கு முதல் ஆண்டுத் திதி. உங்கள் மகன் குமரேசன் வந்தான், படையல் போட்டான், சாப்பிட்டான், மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான். "அத்தை, தனியா கெடந்து கஷ்டப்படுதீய. எங்கூட வந்துருங்களேன்" என்றான். "பாப்போம்லே" என்றேன். இரண்டு தடவை கேட்டான். மூன்றாவது தடவையும் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, தெரியாது. அவன் கேட்கவில்லை.

இப்போது வீடு வெறிச்சென்று கிடக்கிறது. வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியாது என்று உங்களுக்குத் தெரியும். டிவியிடம் பேசிப் பார்த்தேன், அது தன்பாட்டுக்குப் பேசுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றை ஒரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஊர்க்கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள்.

எதிர்வீட்டு ஆவுடைக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. ஆனாலும் நான் எத்தனை மணிக்கு வாசல் தெளிக்கிறேன் என்பது மட்டும் அவளுக்குத் துல்லியமாகத் தெரிகிறது. பேட்டை ரோட்டை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மழை கார்த்திகை முழுக்கப் பெய்தது, ஆற்றில் தண்ணீர் நன்றாகவே போகிறது. உங்கள் பாகத்தை வாடகைக்குக் கேட்டு ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள், கைப்பிள்ளைக்காரி. ஆண்டு கழியட்டும் என்று குமரேசன் சொல்லியிருந்தான். அடுத்த வாரம் வருகிறார்கள்.

அப்பா கட்டிய வீட்டை அண்ணனும் நானும் பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் எழுந்ததே, ஞாபகம் இருக்கிறதா? புறவாசலில் மட்டும் சுவர் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். "எனக்குத் தண்ணி அங்கன இருக்கு, அவளுக்கு மரம் இங்கன இருக்கு, சுவர் எதுக்கு?" என்றீர்கள். கிணறு என் பக்கம். மரம் உங்கள் பக்கம், உங்கள் படுக்கையறை ஜன்னலை ஒட்டி. தென்காசிப் பக்கத்து உங்கள் அம்மா வீட்டிலிருந்து, கல்யாணமாகி வந்த வருஷம், ஈரச்சாக்கில் சுற்றி நீங்கள் கொண்டுவந்த மல்பெரிக் குச்சி. பட்டுப்புழு வளர்த்த குடும்பம் உங்களுடையது. சீர்வரிசையில் குச்சியும் உண்டா என்று நான் கேலி பண்ணினேன்.

திருக்கார்த்திகை கழிந்து மழை விட்டதும் அண்ணன் இருந்தபோது பட்டறையில் அடித்துக் கொடுத்த சின்ன அரிவாளோடு நீங்கள் மரத்தடிக்குப் போவீர்கள். இடுப்பு உயரத்துக்கு மேலே ஒரு கிளை விட மாட்டீர்கள். மிச்சமிருக்கிற இலையையும் உருவிப் போட்டுவிட்டு, வெட்டுவாயில் சாணியை அப்பி, தூரில் ஒரு கூடை தொழுவுரம் கொட்டுவீர்கள். வெட்டிய இடத்தில் பால் வடியும். "ஐயோ மதினி, பச்ச மரத்த இப்படி மொட்டையடிக்கீயளே, உங்களுக்கு நெஞ்சே கெடையாதா?" என்று நான் கத்துவேன்.

"பாவம் பாத்தா இலையத்தான் தின்னணும்" என்பீர்கள். "பழசுல காய்க்காதுட்டி இது. புதுசா வாற கொப்புலதான் காய்க்கும்."

மாசியில் பார்த்தால் கொப்புக்குக் கொப்பு பழம். பச்சை, சிவப்பு, கறுப்பு. தொட்டாலே கையில் விழும். நீங்களும் நானும் கிண்ணத்தை வைத்துக்கொண்டு விரலெல்லாம் ஊதாவாக உட்கார்ந்திருப்போம். அறிவியல் வாத்தியாரம்மா நான். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வேரும் தண்டும் நடத்தியவள். இருந்தாலும் ஒவ்வொரு வருஷமும் பழத்தைப் பார்த்த பிறகுதான் உங்களை மன்னிப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில் ஆஸ்பத்திரியில் கைவிரித்து உங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜன்னலோரக் கட்டிலில் பத்தமடைப் பாயை விரித்து உங்களைப் படுக்கவைத்தோம். மெத்தை சூடு தாங்கவில்லை என்றீர்கள். மழை விட்டதும் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"வடிவு, இந்த வருசம் நீதான் வெட்டணும். இடுப்பு உயரம். பாவம் பாக்காத. மாசிக்கு ஒரு பழமாவது தின்னுட்டுப் போறேன்."

அரிவாளை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் ஆவுடை பிடித்துக்கொண்டாள். "ஆளு சீக்கா கெடக்கையில, காய்க்கிற மரத்த மொட்டையடிக்கப்படாது வடிவு. நல்லதுக்கில்ல" என்றாள். போடி உன் வேலையைப் பார்த்துக்கொண்டு என்று சொல்லியிருக்க வேண்டும். இந்த மாதிரிப் பேச்சுகளை வகுப்பில் எத்தனை தடவை கிழித்திருக்கிறேன்! ஆனால் மரத்தடியில் போய் நின்றதும் எனக்குக் கை எழும்பவில்லை, மதினி. ஒரு கொப்பை வெட்டி, அன்று ராத்திரியே உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நீங்கள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தீர்கள். எனக்குப் பயம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு பயம்.

நுனியில் நாலு குச்சியை ஒடித்தேன். பிறகு என்ன செய்தேன் தெரியுமா? கிணற்றடியில் கிடந்த பழைய விறகை எடுத்து வைத்து டொக்கு டொக்கென்று அரைமணி நேரம் வெட்டினேன். உங்கள் காதில் விழ வேண்டும் என்று. தலையில் இரண்டு இலையையும் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தேன்.

"முடிஞ்சிட்டா?" என்று கேட்டீர்கள்.

"முடிஞ்சிட்டு மதினி. சுத்தமா மொட்டை."

நீங்கள் ஜன்னலைப் பார்த்தீர்கள். கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். "நல்லாக் கழிச்சிருக்க, போ" என்றீர்கள்.

இரண்டு நாள் கழித்து, "சேலைய எடுத்துக் கட்டணுமாட்டி?" என்று கேட்டீர்கள். எந்தச் சேலை என்றேன். "ஒண்ணுமில்ல" என்று திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். மாத்திரை மயக்கத்தில் பிதற்றுகிறீர்கள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அதே கேள்வி. "தளிர் விட்டுட்டா?" நானும் அளந்துவிட ஆரம்பித்தேன். கடுகு கணக்கா முளை வந்திருக்கு மதினி. இன்னைக்கு இலை விரிஞ்சிருக்கு. இன்னைக்குப் பூ. இன்னைக்குப் பிஞ்சு, புழு மாதிரி சுருண்டு கெடக்கு. பாடம் நடத்துவதுபோல் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பீர்கள். சில நாள் சிரிப்பீர்கள். அரைமணி நேரம் நோவைப் பற்றிய பேச்சே இருக்காது. உண்மையில் மரத்தில் இலைதான் மண்டிக்கிடந்தது. உச்சியில் ஏழெட்டுச் சூம்பிய காய், அதையும் அணில் விடவில்லை.

மாசி பிறந்தது. "கறுத்திருக்குமே இப்ப. ஒண்ணு கொண்டா, நாக்கு செத்துக் கெடக்கு" என்றீர்கள். ஸ்டூலைப் போட்டு ஏறி, கிளை கிளையாக விலக்கிப் பார்த்தேன். ஒன்று கூடக் கிடைக்கவில்லை. ஜங்ஷன் பழக்கடையெல்லாம் அலைந்தேன். அங்கே திராட்சைதான் இருந்தது. திரும்பி வந்து, "எல்லாத்தையும் அணில் தின்னுட்டு மதினி" என்றேன்.

"தின்னட்டும். அதுக்கும் வயிறு இருக்குல்லா" என்றீர்கள்.

மூன்றாம் நாள் போய்விட்டீர்கள். துட்டிக்கு வந்தவர்களெல்லாம் நான் உங்களைத் தாங்கித் தாங்கிப் பார்த்ததாகச் சொன்னார்கள். நான் ஒருத்தி மட்டும் அழுவதற்கு அருகதை இல்லாதவள் மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கேட்டது ஒரு பழம். எனக்கு அரிவாளைத் தூக்க வகையில்லை.

அதற்கப்புறம் புறவாசலுக்குத் தண்ணீர் இறைக்கப் போனால்கூட அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். இந்தக் கார்த்திகையில் குமரேசன் போன் பண்ணினான். "அத்தை, அந்த ரூம் பகல்லயே லைட்டு போட வேண்டியிருக்குன்னு வாடகைக்குப் பாக்க வந்தவிய சொன்னாவ. மரத்தக் கொஞ்சம் கழிச்சுவிடச் சொல்லுங்களேன்" என்றான். யாரிடம் சொல்ல? மார்கழி பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

முதல் வெட்டுக்கு ஐந்து நிமிஷம் நின்றேன். பிறகு பாவம் பார்க்கவில்லை. இடுப்பு உயரம். உள்ளே நெருக்கிக்கொண்டு நின்ற கொப்புகளை அடியோடு எடுத்தேன். வெட்டுவாய் சரிவாக இருக்க வேண்டும், தண்ணீர் தங்கக் கூடாது என்பீர்களே, அப்படியே வெட்டினேன். கையெல்லாம் பால். இலையை உருவும்போது மட்டும் அழுகை வந்துவிட்டது. ஆவுடை சத்தம் கேட்டுத் தன் வாசலில் நின்று, "யார்ட்டி அது, மரத்தையா வெட்டுதா?" என்றாள். "ஆமா, வெட்டுதேன். இப்ப அதுக்கென்ன?" என்று கத்தினேன். பாவம், பயந்து உள்ளே போய்விட்டாள்.

சாணி அப்பிவிட்டுக் கையைக் கழுவி, உங்கள் அறையைப் பெருக்கலாம் என்று கதவைத் திறந்தேன். மதினி, அறை முழுக்க வெயில். நீங்கள் தலைவைத்துப் படுத்த இடத்தில், கட்டிலில் நேராக, முகத்தில் அறைகிற மாதிரி வெயில். கண் கூசியது. கையால் மறைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். சட்டத்துக்கு மேலே இந்தப் பக்கம் ஒரு ஆணி, அந்தப் பக்கம் ஒரு ஆணி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு வருஷமும் மரத்தைக் கழித்த மறுநாள் அந்த ஜன்னலில் உங்கள் பழைய ஊதாச் சேலை தொங்கும். இலை தழைக்கிற வரைக்கும் தொங்கும். நான் உங்கள் அறை ஜன்னலைப் புறவாசலிலிருந்து பார்த்தவள். மறைப்புக்குக் கட்டுகிறீர்கள் என்று நினைத்திருந்தேன். வெயிலுக்குக் கட்டியிருக்கிறீர்கள். படுக்கையில் நீங்கள் கேட்டதும் அந்தச் சேலையைத்தான்.

நீங்கள் படுத்திருந்த கடைசி மார்கழியில் அந்த ஜன்னலில் வெயில் அடிக்கவே இல்லை. நாளெல்லாம் இலை நிழல் உங்கள் முகத்தில் ஆடிக்கொண்டிருந்தது. நான் அதன் கீழேதான் உட்கார்ந்து, மொட்டை மரத்தில் கடுகு கணக்கா முளை வந்த கதையைச் சொன்னேன்.

முதல் நாளே உங்களுக்குத் தெரியும், இல்லையா?

பாயில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தெரிந்துகொண்டே எதற்காகத் தினமும் ஐந்து மணிக்குக் கேட்டீர்கள்? என் பொய்யைப் பார்த்துச் சிரிக்கவா? என் பயம் தெரிந்துதான் பேசாமல் இருந்தீர்களா? இல்லை, உங்கள் கட்டிலில் வந்து உட்கார்ந்து அழுவதைத் தவிர எனக்கும் ஒரு வேலை வேண்டும் என்று நினைத்தீர்களா? ஏசியிருக்கலாமே மதினி. நாற்பது வருஷமாக உப்புக்கும் புளிக்கும் என்னை ஏசின நீங்கள், அந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் ஏசவில்லை?

சொல்ல வேண்டியது இதுதான். அன்றைக்கு நான் மரத்தை வெட்டவில்லை. விறகைத்தான் வெட்டினேன். அணில் மேல் பழி போட்டேன். உங்களுக்குத் தெரியும் என்றாலும் என் வாயால் சொல்ல வேண்டும்.

மரம் இப்போது காய்த்துக் கிடக்கிறது. விடிந்ததும் ஒரு கிண்ணம் பறித்து, உங்கள் இலையில் வடைக்குப் பக்கத்தில் வைத்தேன். குமரேசன் ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "அம்மா வெட்டுன மாதிரியே வெட்டிருக்கீய அத்தை" என்றான். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். மிச்சப் பழம் கிண்ணத்தில் இருக்கிறது. இரண்டு பேர் தின்கிற பழத்தை ஒருத்தி தின்று தீர்க்க முடியவில்லை. பாதியை ஆவுடைக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன், கத்தினதுக்குப் பரிகாரமாக.

ஊதாச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து அலசிக் காயப்போட்டிருக்கிறேன். அடுத்த வாரம் வருகிற கைப்பிள்ளைக்காரியிடம் அதைக் கொடுத்து, ஆணி இருக்கிற இடத்தையும் காட்டுவேன். வருஷா வருஷம் மழை விட்டதும் இடுப்பு உயரத்துக்கு வெட்டுவேன், பாவம் பார்க்க மாட்டேன். தினமும் ஐந்து மணிக்கு அந்த ஜன்னலுக்கு வெளியே நின்று, மரத்தில் இருப்பதை இருக்கிறபடியே உங்களிடம் சொல்வேன். குடியிருக்கிறவர்கள் என்னைக் கிறுக்கி என்று நினைத்தாலும் சரி. நீங்கள் கேட்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், மதினி.

விரலில் ஊதாக் கறையோடு,
உங்கள் பொய்க்கார நாத்தனார்
வடிவு