கம்பிவலைக்குக் கீழே

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி தேவலையா? அப்பாவின் இருமல் நின்றதா? நானும் குழந்தை ஃபின்னும் சுகம். உன் மருமகன் ரோரி நடுக்கடல் எண்ணெய்க் கிணற்று வேலையிலிருந்து அடுத்த வாரம்தான் கரைக்கு வருவார்.

பயப்படும்படி ஒன்றுமில்லை. கணப்பு மூட்டினால் புகை அறைக்குள்ளேயே திரும்பியது. புகைபோக்கியில் காக்கை கூடு கட்டியிருந்தது. கூடு கட்டாமலிருக்க அப்பா பிப்ரவரியிலேயே ஏறி அதன் வாயில் கம்பிவலை அடிப்பாரே, நான் மறந்துவிட்டேன். புகைபோக்கி சுத்தம் செய்ய டவுனிலிருந்து வந்த ஆள், குஞ்சு பறக்கும்வரை கூட்டைத் தொடுவது சட்டப்படி குற்றம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குளிரில் குழந்தைக்கு மூக்கு நீலமாகிறது. தீ மூட்டினால் விஷப்புகை. எங்கள் தெருக் கொத்தனார் மர்டோவைக் கூப்பிட்டேன். கூட்டைப் பதமாக எடுத்து மரத்தில் வைப்பார் என்று நினைத்தேன். அவரோ உச்சியில் வலையை அடித்துவிட்டு இறங்கினார்.

"ஐயோ, குஞ்செல்லாம் உள்ளே இருக்கே!"

"இருக்கட்டும். செத்ததும் வந்து மொத்தமா இழுத்துப் போடுறேன். காலேஜ் படிச்ச பொண்ணு, காக்காவுக்கா அழுவுறே? உனக்குப் புள்ள வேணுமா, காக்கா வேணுமா?"

நான் ஃபின்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன், அம்மா.

சுவருக்குள் அவை கத்தக் கத்த, அந்தச் சத்தத்திலேயே ஃபின் தூங்கப் பழகிவிட்டான். இன்று காலையிலிருந்து சத்தமில்லை. அவன் சுவரையே பார்க்கிறான். தாய்க்காக்கை மட்டும் வாயில் புழுவோடு வலைமேல் வந்து உட்கார்கிறது.

நம் ஊர்த் தேயிலை கொஞ்சம் அனுப்பு. நீ பாடும் தாலாட்டையும் பதிவு செய்து அனுப்பு.

மர்டோ சாக்கோடு கதவைத் தட்டுகிறார். திறக்க வேண்டும்.

உன் மகள்,
நீவ்