உறைக்குள் சந்தனம்

அக்டோபர் 1, 2025, புதன்

ஆயுத பூஜை. இருந்தவர்கள்: அவர், நான், மகள் சத்யா, பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாள் அக்கா, கீழே காருடன் டிரைவர் நசீர். அவ்வளவுதான். போன வருஷம் கூடம் கொள்ளவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் இப்போது ரங்கூனிலேயே இல்லை.

தையல் மெஷின், அரிவாள்மனை, அவருடைய உளுந்துக் கிடங்குத் தராசு, சத்யாவின் லேப்டாப், என் கணக்கு நோட்டு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கார் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பது வருஷா வருஷம் நசீர்தான். "அண்ணி, சின்னப் பழமா குடுங்க. வண்டிக்கு வயசாயிருச்சு, பெரிசு மேல ஏற மாட்டேங்குது" என்றார். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இந்த வருஷம் புதிதாக ஒன்று. அவர் லைசென்ஸ் எடுத்து வாங்கியிருக்கிற கைத்துப்பாக்கி. பேங்கில் கேட்கிற பணம் கிடைப்பதில்லை. உளுந்து விற்கிறவர்கள் ரொக்கம்தான் கேட்கிறார்கள். ரொக்கத்தோடு போகிறவர்களை வழிமறிக்கிறார்கள். அதனால் வாங்கினார். லைசென்சுக்காக யார் யாரைப் போய்ப் பார்த்தாரோ, நான் கேட்கவில்லை.

"உறையோட வை சாந்தா. வெளிய எடுக்காத" என்றார். உறையோடுதான் வைத்தேன். ஆனால் பூசணிக்காய் உடைக்க எல்லாரும் கீழே இறங்கியதும் மனசு கேட்கவில்லை. உறைக்குப் பொட்டு வைத்தால் உறைக்குத்தானே பூஜை? வெளியே எடுத்தேன். மேலே ஒன்று, பிடியில் ஒன்று, வாயோரத்தில் ஒன்று. சந்தனம் மட்டும். குங்குமம் வைக்கக் கை வரவில்லை, ரத்தம் மாதிரி இருக்கும்.

தாயே, இதற்கு வேலையே வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டு, திரும்ப உறையில் போட்டேன்.

அக்டோபர் 2

மறுபூஜை முடிந்தது. அவர் குளிக்கும்போது துப்பாக்கியைத் துடைத்தேன். இடுக்குக்குள் போன சந்தனம் துணிக்கு வரவில்லை. தையல் மெஷினுக்கு விடுவதுபோல் நாலைந்து சொட்டு எண்ணெய் விட்டேன். மெஷின் எண்ணெய் தீர்ந்திருந்தது, விளக்கு நல்லெண்ணெய்தான் இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது.

அக்டோபர் 14

அவர் பிழைத்தார். நசீருக்குக் கை.

இன்று இதற்கு மேல் முடியாது.

அக்டோபர் 15

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எழுதுகிறேன். நேற்றுச் சாயங்காலம் அலோன் பேட்டையில், எங்கள் கிடங்கு வாசலில் நடந்தது. கரண்ட் இல்லை. நசீர் காரிலிருந்து பணப் பையை எடுத்து அவரிடம் கொடுக்கும்போது இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அவர் துப்பாக்கியை எடுத்துவிட்டார்.

"விசைய இழுத்தேன் சாந்தா. இழுத்தேன். வரல. கல்லு மாதிரி இருந்துச்சு." காலையிலிருந்து இதையே சொல்கிறார்.

அதற்குள் ஒருவன் கத்தியை வீசியிருக்கிறான். அவர் நெஞ்சுக்கு வந்ததை நசீர் வலது கையை நீட்டித் தடுத்திருக்கிறார். உள்ளங்கையில் நரம்பு அறுந்துபோயிற்று. மூன்று விரல் இனி மடங்குவது சந்தேகம் என்று டாக்டர் சொல்கிறார்.

நசீரின் மனைவி ரிஹானா என் தோளைப் பிடித்து, "அண்ணன் நல்லாருக்காருல்லக்கா, அல்லா காப்பாத்திட்டான். நீங்க அழுவாதீங்க" என்கிறாள். அவள் எனக்குச் சொல்கிறாள்.

துடைத்தேனே. நன்றாகத்தானே துடைத்தேன்?

தாயே, வேலை வரக் கூடாது என்று கேட்டேன். வேலை வந்தது. அது வேலை செய்யவில்லை. நான் கேட்டது என்ன, நீ கொடுத்தது என்ன.

அக்டோபர் 20, தீபாவளி

எண்ணெய் வைத்துக் குளித்தோம், அதோடு சரி. பலகாரம் சுடவில்லை. மூன்று வீட்டிலிருந்து வந்ததை ரிஹானா பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பினேன்.

சாப்பிட்டு எழுந்ததும் அவர் சொன்னார்: "இன்னொண்ணு வாங்கப்போறேன். சின்னதா. ஒண்ணு கைய விட்டாலும் இன்னொண்ணு இருக்கும். ஒரு ஆள் கொண்டாந்து காட்டுறேன்னிருக்கான்."

இரண்டாவதா என்று கேட்டேன்.

"உங்க அம்மன் கையில எத்தன ஆயுதம்? எட்டுக் கையிலயும் வச்சிருக்கா. எனக்கு ரெண்டு ஆகாதா?"

முதலாவது தோள்பையில் இருக்கும். இரண்டாவது இருப்பது யாருக்கும் தெரியக் கூடாதாம். இடுப்பில் கட்டியிருந்த கைலியைத் தொட்டு, "லோஞ்சி மடிப்புல சொருகுனா கனத்துக்கு அவுந்து, நடுரோட்டுல மானம் போயிரும்" என்று அவரே சிரித்தார். ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு. அதனால் சட்டைக்கு உள்ளே, வயிற்றோடு ஒட்டிக் கட்டுகிற மாதிரி துணிப்பட்டை ஒன்று தைத்துத் தர வேண்டும். அதில் ஒரு பை.

நான் தைக்க வேண்டும். சரி என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 24

துப்பாக்கியைப் பழுது பார்க்கிற பர்மாக்காரர் ஊ தெய்னிடம் கொடுத்திருந்தார். இன்று வாங்கி வந்தார். வாசலிலேயே முகம் சரியில்லை. உள்ளே மஞ்சளாக ஏதோ பசை, எண்ணெயோடு சேர்ந்து பிசினாக இறுகிப் போயிருந்ததாம். ஊ தெய்ன் முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன சயா, உங்க துப்பாக்கி தனாக்கா போடுமா?" என்று கேட்டிருக்கிறார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம்.

பர்மாக்காரர் மூக்குக்கு அது தனாக்கா. கன்னத்தில் பூசுகிற மஞ்சள் பசை. இந்த வீட்டில் தனாக்கா பூசுகிறவள் ஒருத்திதான்.

"சத்யா, இங்க வா. அத எடுத்தியா? போன்ல படம் புடிச்சுப் போட எடுத்தியா?"

அவள் "மஹௌபூ, மஹௌபூ" என்கிறாள். பதற்றம் வந்தால் அவளுக்குத் தமிழ் ஓடிவிடும், இல்லை என்பதைக்கூடப் பர்மா பாஷையில்தான் சொல்வாள். "பொய் சொல்லாத. உன் வெளயாட்டுக்கு நசீர் கை போச்சு" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். அம்மா, நீயாவது சொல்லு என்கிற பார்வை.

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தேன், மூடினேன். பதினெட்டு வயசுப் பிள்ளை தலையில் என் தப்பைக் கட்டிவிட்டு மூடியைத் திறந்து திறந்து மூடுறேன். நான் என்ன பொம்பள. இத்தன விளக்கு ஏத்தி என்ன.

அக்டோபர் 25

சத்யா தனாக்கா பூசாமல் வெளியே போனாள். சின்ன வயசிலிருந்து ஒரு நாள்கூட அப்படிப் போனதில்லை.

அக்டோபர் 29

இன்றும் வெறும் முகம். அப்பாவும் மகளும் பேசுவதில்லை. என்னிடம் இரண்டு பேரும் நன்றாகப் பேசுகிறார்கள். அதுதான் தாங்கவில்லை.

கணக்கு நோட்டில் ஒரு காசு உதைத்தால் எனக்குத் தூக்கம் வராது, யார் எடுத்தது என்று பார்த்துவிடுவேன். இதில் யார் என்று தெரிந்தே உட்கார்ந்திருக்கிறேன். எழுதுவது இங்கே மட்டும். நானே எழுத்துக் கூட்டிக் கற்ற தமிழ் இது. சத்யாவுக்கு வாசிக்கத் தெரியாது, அவர் இதைத் தொட மாட்டார். இந்தத் தைரியம் ஒரு தைரியமா.

நவம்பர் 2

நசீர் வீட்டுக்கு ரசமும் புளிச்சாதமும் கொண்டுபோனேன். கட்டு சிறியதாகியிருக்கிறது. இடது கையால் டம்ளரைத் தூக்கிக் காட்டி, "பாருங்க அண்ணி, சோத்தாங்கை பீச்சாங்கை எல்லாம் இப்ப ஒண்ணாயிருச்சு" என்றார். ரிஹானா அவர் தொடையில் தட்டினாள்.

எங்கள் வீட்டில் அவர் இன்னொரு துப்பாக்கி வாங்கப்போவதைச் சொன்னேன். நசீர் சிரிப்பதை நிறுத்தினார்.

"அண்ணி, அண்ணன்கிட்ட நீங்க சொல்லப்படாது. மனசு ஒடஞ்சிரும். அந்தப் பயலுக மொதல்ல கத்தியே எடுக்கல. பையக் குடுன்னு கை நீட்டுனானுக, அவ்வளவுதான். துப்பாக்கியப் பாத்த பொறவுதான் கத்தி வந்துச்சு. பயந்துபோய் வீசுனான். எனக்கு அவன் மொகம் தெரிஞ்சுது, நம்மளவிட அவன்தான் பயந்தான்."

"அது வெடிச்சிருந்தா உங்க கை தப்பிச்சிருக்குமே" என்றேன். வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது.

"கை தப்பிச்சிருக்கும். அண்ணன் கையில ஒரு உசுரு இருந்திருக்கும். எது தேவலன்னு என்னைக் கேட்டா நான் என்ன சொல்றது, எனக்குக் கை வலிக்குது" என்றார். மறுபடி சிரித்தார்.

சந்தனத்தைச் சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லாமல் வந்தேன்.

நவம்பர் 5

பட்டைக்கு அளவெடுத்தேன். அட்டையில் வெட்டிய துப்பாக்கி வடிவத்தை வயிற்றோடு வைத்துக்கொண்டு நின்றார். இடுப்பு முன்னைவிட இளைத்திருக்கிறது. வயிற்றைச் சுற்றி நாடாவைக் கொண்டுபோகும்போது அவர் மூச்சு என் நெற்றியில் பட்டது. "ஏன் சாந்தா அளந்ததையே அளக்குற?" என்றார். ஊசி போட்ட மாதிரி இருந்தது. "கண்ணு தெரியல, லைட் போதல" என்றேன்.

வெள்ளிக்கிழமை வரை காத்திராமல் இன்றே கோயிலுக்குப் போய் அம்மனை நன்றாகப் பார்த்தேன். எட்டுக் கையிலும் ஆயுதம் என்றாரே. இல்லை. ஒரு கையில் ஒன்றும் இல்லை. விரித்து, நம்மைப் பார்த்துக் காட்டியபடி இருக்கிறது. இத்தனை வருஷம் கும்பிட்டும் அதை எண்ணாமல் விட்டிருக்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில். சத்யா அவர் உட்கார்ந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். வெறும் கன்னம். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அது தனாக்கா இல்லீங்க. சந்தனம். நான் வச்சது. வெளக்குக்கு ஊத்துற நல்லெண்ணெய அதுல விட்டதும் நான்தான்."

"உறையோட வைக்கத்தானே சொன்னேன்."

"உறைக்கு வச்சா உறைக்குத்தானே பூஜன்னு..."

அவர் கை சோற்றில் அப்படியே நின்றது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கை கழுவிவிட்டு சத்யாவின் கதவுக்கு முன்னால் போய் நின்றார். பிறகு கதவைப் பார்த்தே, "நாளைலேருந்து தனாக்கா போட்டுக்கம்மா" என்றார்.

அவளிடம் நானும் போனேன். தமிழிலேயே சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "அம்மா அன்னைக்கு சோத்துப் பானையத் தொறந்து தொறந்து பாத்தப்பவே எனக்குத் தெரியும்" என்றாள். தெரிந்துதான் பதினைந்து நாள் வெறும் முகத்தோடு என் முன்னால் நடந்திருக்கிறாள்.

நவம்பர் 10

சொல்லிவிட்டால் இரண்டாவது துப்பாக்கிப் பேச்சு நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். அது என் கணக்கு. அவர் கணக்கு வேறு.

"சந்தனமோ துருவோ, ஏதோ ஒண்ணுல மாட்டிக்கும்னு தெரிஞ்சுபோச்சுல்ல. அதுக்குத்தான் ரெண்டாவது. பட்டைய முடி."

தப்பு செய்தவள் வாயால் மேற்கொண்டு என்ன சொல்வது? பட்டையை முடித்தேன். இரட்டைத் தையல். பை வாய் ஓரத்தை மட்டும் மடித்துத் தைக்காமல் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 23

ரிஹானா போன் செய்தாள். நசீர் விரல் இரண்டு கொஞ்சம் மடங்குகிறதாம், ஸ்டியரிங் பிடிக்க முடிகிறதாம். வேலைக்கு வர ஆசைப்படுகிறார். "ஆனா அக்கா, ஒண்ணு சொல்லச் சொன்னாரு. நேரா அண்ணன்கிட்ட சொல்ல அவருக்கு வாய் வரல. அது இருக்குற வண்டிய அவரு ஓட்ட மாட்டாராம். ஒண்ணும் வேணாம், ரெண்டும் வேணாம். கோச்சுக்காதீங்கக்கா."

"நான் ஏம்மா கோச்சுக்கப்போறேன்" என்றேன்.

நவம்பர் 24

அவரிடம் எல்லாம் சொன்னேன். ரிஹானா சொன்னதும், கத்தி எப்போது வெளியே வந்தது என்று நசீர் சொன்னதும். சொல்லக் கூடாது என்று நசீர் கேட்டுக்கொண்டதை மீறிவிட்டேன், அதுவும் என் பேரில்தான். ஆனால் இன்னொன்றை மறைத்து வைத்துக்கொண்டு இந்த வீட்டில் நடமாட என்னால் முடியாது.

"அவனா அப்படிச் சொன்னான்?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் பால்கனியில் போய் உட்கார்ந்தார்.

டிசம்பர் 3

திருக்கார்த்திகை. சத்யாவும் நானும் பால்கனியில் விளக்கு வைத்தோம். அவள் இரண்டு கன்னத்திலும் வட்டமாகத் தனாக்கா. அவர் எங்களோடு நின்று திரி தூண்டினார். பத்து நாளாக அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. துப்பாக்கி கொண்டுவருகிற ஆள் சனிக்கிழமை வருவதாகப் போனில் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

டிசம்பர் 4, வியாழன்

அவர் கிடங்குக்குப் போனபின் பீரோவில் வேட்டி எடுக்கத் திறந்தேன். மேல் தட்டில் உறை இருந்தது. தொட்டேன். காலியில்லை, உள்ளே இருந்தது. பக்கத்தில் நான் தைத்த பட்டை, சுருட்டி வைத்திருந்தது. பழுது பார்த்து வந்த நாளிலிருந்து துப்பாக்கி இல்லாமல் அவர் கிடங்குக்குப் போனதில்லை.

எடுக்கவில்லை, துடைக்கவில்லை. பீரோவை மூடினேன். எதிரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பயந்தேன். அலோன் வாசலில் இன்றைக்கும் கரண்ட் இருக்காது. வெறுங்கையோடு நிற்பாரே என்று. இத்தனை நாள் வேண்டாம் என்றவளுக்கு இது என்ன பயம்.

அப்புறம் அவருக்குப் போனில் எழுதி அனுப்பினேன். என்ன எழுதினேன் என்பது மறக்காமல் இருக்க இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"பீரோவைப் பார்த்தேன். மறந்துட்டுப் போனீங்களா, வச்சிட்டுப் போனீங்களா? மறந்ததுன்னாலும் பரவாயில்ல, சொல்லுங்க. ரிஹானாவுக்கு நான் சாயங்காலம் சொல்லணும், நசீர் திங்கக்கிழமை வரலாமான்னு காத்திருக்காங்க. பட்டைப் பை வாயைத் தைச்சு முடிக்கணுமா, பட்டையையே பிரிச்சிடணுமா? சீக்கிரம் பதில் போடுங்க."