வாங்குபவர் சிரிக்க வேண்டும்

மார்ச் 3

ஓய்வு பெற்ற கையோடு முடிவெடுத்துவிட்டேன். இனி எளிய வாழ்க்கை, பிறருக்குத் தொண்டு, எப்போதும் மலர்ந்த முகம். வீட்டில் எது ஆடம்பரம் என்று சுற்றிப் பார்த்தேன். டிவி? செய்தி பார்க்காமல் எப்படிச் சேவை செய்வது? சாய்வு நாற்காலி என் முதுகுக்கு வேண்டும். ஆக, வாஷிங் மெஷின். கீழ்த்தளத்து அறையில் குடியிருக்கும் வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டேன்.

"உங்க எளிமைக்கு என் கைதான் கிடைச்சுதா?" என்றாள் மனைவி. பக்குவம் போதாது.

மார்ச் 4

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். பல முறை எடுக்க வேண்டியிருந்தது, வாட்ச்மேன் உம்மணாமூஞ்சி. மகிழ்ச்சியாகக் கொடுத்தால் வாங்குபவரும் சிரிக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னேன். மேல்மாடி டாக்டர் என்னை மகான் என்று எழுதியிருக்கிறார். கொஞ்சம் அதிகம்தான். நான் மறுக்கவில்லை.

மார்ச் 9

மனைவிக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. துவைப்பதும் தொண்டுதான், முகம் சுளிக்காமல் செய் என்றேன். பதில் இல்லை. மதியச் சாப்பாட்டில் உப்பும் இல்லை.

மார்ச் 15

சட்டைகள் பளிச்சென்று இருக்கின்றன. வீக்கம் வடிந்துவிட்டது. அவள் பாட்டு வேறு முணுமுணுக்கிறாள். என்னைப் பார்த்தே திருந்திவிட்டாள் என்று குழுவில் நாலு வரி எழுதினேன்.

மார்ச் 20

எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை. வாட்ச்மேனிடம் சொல்லப் போனேன். அவர் அறையில் எங்கள் மெஷின். அதற்குள் என் சட்டைகள் சுற்றிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஸ்டூல் போட்டு என் மனைவி டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா கை வீங்கிப்போச்சு சார். நான்தான் துணியெல்லாம் இங்க கொண்டாங்கன்னேன்," என்றாள் வாட்ச்மேன் மனைவி.



"ஏங்க மூஞ்சி இப்படி இருக்கு? உதவி வாங்கறவங்க சிரிக்கணுமே," என்றாள் இவள். "தம்பி, சாரை ஒரு போட்டோ எடுங்க."

வாட்ச்மேன் எடுத்தார். இந்த முறை அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

வெட்கம் பிடுங்கித் தின்கிறது. வீங்கின கையைப் பாத்துட்டும் உபதேசம் பண்ணேனே — என்ன மனுஷன் நான்?

மார்ச் 22

துணியெல்லாம் நானே துவைத்தேன். போர்வை நனைந்தால் இவ்வளவு கனக்குமா? அவள் எட்டிப் பார்த்தாள்.

"செவப்புத் துண்டையும் வெள்ளையோட ஊறவெச்சீங்களா?"

வைத்துவிட்டேன். என் சட்டைகளெல்லாம் ரோஜா நிறம். வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஏன் ஒன்றும் எழுதக் காணோம் என்று டாக்டர் குழுவில் கேட்டிருக்கிறார். கை வலிக்கிறது. இன்னும் தலையணை உறைகள் பாக்கி.