சௌகரியந்தானுங்க

இன்றைக்குப் பேருந்து நிலையம் முழுக்கப் பினாயில் வாசம். நகரசபைக் கழிப்பறைக்கு வெள்ளையடித்து, வாசலுக்கு மேலே உன் படத்தை மாட்டியிருக்கிறார்கள். மாலைக்குள்ளிருந்து சிரிக்கிறாய். செத்தவன்மேல் கோபப்படக் கூடாதாம். அதெல்லாம் படித்தவர்களுக்கு. நான் எட்டாவதோடு நின்றவன்.

'அனைவருக்கும்' என்ற பலகைக்குக் கீழே அதே பழைய படிகள். முதலமடை பஸ் நிற்கும் இடத்தருகே ரீசார்ஜ் கடையில் வேலை பார்க்கும் என் மகள், சக்கர நாற்காலியிலிருந்து தினமும் அதைப் பார்க்கிறாள்.

கழிப்பறைகளுக்கு மார்க் போட ஒரு பெண் வந்தாளே, நினைவிருக்கிறதா? கவுன்சிலர் நீதான் கூட்டி வந்தாய். ரீசார்ஜ் கடைக்குள்ளே கூட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மகளைக் காட்டி என்னிடம் கேட்டாள்: "சேட்டா, மோள்க்கு இவிடெ சௌகர்யம் உண்டோ?"

"சௌகரியந்தானுங்க அம்மிணி. நீங்க சௌகரியமா?" என்று குசலம் விசாரித்தேன். அவளும் தலையாட்டிப் போனில் தட்டிக்கொண்டாள்.

நம் பேச்சில் சௌகரியம் என்றால் சுகம்; மலையாளத்தில் வசதி. அவள் கேட்டது கழிப்பறையை. பிறந்ததிலிருந்து கேரளத்து ரேஷன் தின்றும் அந்நேரம் என் மண்டையில் அது ஏறவில்லை. உனக்கு ஏறியிருந்தது. பக்கத்திலேயே நின்றாய். அவள் போகும்வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தாய்.

"மாப்ள, உன்ற வாயால நம்மூருக்கு முழு மார்க்குடா!"

"அட நாசமாப் போறவனே, எடுத்துச் சொல்ல வேண்டீதுதானே?"

"உடு மாப்ள. மார்க் கொறஞ்சா என்ற மானமில்ல போகும்?"

சாய்தளம் கேட்டு நகரசபைக்குப் போனேன். அவள் போட்ட மார்க்கைக் காட்டி, 'சௌகர்யம் உண்டல்லோ' என்று திருப்பி அனுப்பினார்கள். நீயும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாய். டீ வாங்கிக் கொடுத்தாய். அதையும் குடித்துவிட்டு வந்தேன் பார், அந்த வெட்கங்கெட்டவன் நான்தான்.

உன் சாவு வீட்டில் உன் சம்சாரம் அழுகைக்கு நடுவிலும், "சௌகரியமா இருக்கீங்களாண்ணா?" என்றது. "இல்லைம்மா" என்றேன். எனக்கு என்ன நோயோ என்று அதற்கும் சேர்த்து அழுதது. இப்போது யார் கேட்டாலும் அதே பதில்தான்.

அந்தியில் மகளின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, அவள் பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறேன். காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் அப்படியே கனக்கிறது.

"குடிக்கலையா சாமி?"

"தாகமே எடுக்கலீங்கப்பா."

பங்குனி வெயிலில் தாகம் எடுக்கவில்லையாம். அந்தக் கனத்தோடு உன் படத்தைத் தாண்டித்தான் இனி தினமும் வீட்டுக்குப் போகவேண்டும்.

சிரி மாப்ள, சிரி.