காமரங்காய்ச் சாறு

12 ஒக்டோபர் 1996, சனி
வெள்ளவத்தை

எங்கள் மேல் அறையில் வாடகைக்கு இருக்கும் மலரக்காவுக்குக் காலையிலிருந்து விக்கல் நிற்கவில்லை. "கனடாவிலை மகன் நினைக்கிறான் போல," என்று நான்தான் பகிடி விட்டேன். மத்தியானம் அவருக்குப் பேச்சுக் குழறியது. களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

"மருந்தை விட வேறை என்ன குடிச்சனீங்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

மலரக்கா என்னைப் பார்த்தார். "ஒண்டுமில்லை, ஐயா."

யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு ஆமி செக்பொயின்ற் தாண்டப் பயந்து அவர் நீரிழிவுக் கிளினிக் போவதையே விட்டிருந்தார். "சீனி வருத்தத்துக்கு நல்லது, விற்றமினும் இருக்கு," என்று சொல்லி, முற்றத்து மரத்தில் காய்க்கும் ஐந்து மூலைப் புளிப்புக் காமரங்காயைப் பிழிந்து இரண்டு கிழமையாக வெறும் வயிற்றில் கொடுத்தவள் நான். தாவரவியல் படித்தவள். அதில் சிறுநீரகத்துக்கு ஆகாத ஒக்சாலிக் அமிலம் இருப்பதும் எனக்குத் தெரியும். அவருடைய சிறுநீரகம் பழுதென்பது தெரியாது. கேட்கவும் இல்லை.

டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இப்பவாவது சொன்னீங்கள். விக்கலும் அந்தக் காயின்ரை நஞ்சாலைதான். இரத்தத்தைச் சுத்தப்படுத்த வேணும். நாளைக்குத்தான் எதுவும் சொல்லலாம்," என்றார்.

நான் புறப்படும்போது மலரக்கா என் கையைப் பிடித்தார்.

"நீ அன்பாத் தந்ததை எப்பிடிப் பிள்ளை நான் காட்டிக்குடுக்..."

மிச்சத்தை விக்கல் சொல்லவிடவில்லை.