ஷர்மினி மிஸ்ஸின்ர மொலி மீன்

புதன் இரவு, வெள்ளவத்தை.

உயிரியல் படிப்பிக்கிற எனக்கு இண்டைக்கு என்ர மகள் பாடம் எடுத்தாள். பெத்த தாயிட்டப் படிக்க ஏலாதாம் எண்டு அதே பாடம் படிப்பிக்கிற ஷர்மினி மிஸ்ஸின்ர கிளாசுக்குப் போறவள். சாப்பிடேக்க கேக்கிறாள், "அம்மா, கடல் மீன் தண்ணி குடிக்கும், ஆத்து மீன் குடிக்காது. தெரியுமோ?"

தெரியுமோவாம்! கடல் உப்பு மீனின்ர உடம்புத் தண்ணியை வெளியில இழுக்கும், அதால அது குடிச்சுக்கொண்டே இருக்கும். ஆத்து மீனுக்குள்ள தண்ணி தானாப் புகும், அது மூத்திரமாக் கழிச்சுக்கொண்டே இருக்கும். போன வருஷம் இதே மேசையில நான் சொல்லேக்க கொட்டாவி விட்டவள்.

ஷர்மினி, நல்ல தண்ணியில வளக்கிற ஒரு கறுப்பு மொலி மீனைத் தொட்டியில விட்டு, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமா உப்பைக் கூட்டி, இப்ப கடல் தண்ணியிலயே விட்டிருக்கிறாவாம். என்ர கிளாஸ் பிள்ளையளும் போய்ப் பாத்தவையாம்.

"சாகேல்லையோ?" எண்டு கேட்டன்.

"இல்லையம்மா, வடிவா நீந்துது. ஏன் அப்பிடிக் கேக்கிறீங்கள்?"

சும்மா எண்டு சொல்லிப்போட்டு எழும்பீட்டன்.

பாவம், அந்த மீன் எனக்கு என்ன செய்தது? ஆனாலும் விடிய அது வயித்தைக் காட்டிக்கொண்டு மிதக்கவேணும்.